சக்கரத்தின் கடைசிக் குதிரை

1. நெடுந்தீவான்

குதிரை வேலை எனக்குக் கிடைத்தது ஓர் அரைப் பொய்யின் தயவில்தான். எண்பதுகளின் நடுப்பகுதி. வின்டர்தூரில் அகதிகளுக்கான விடுதி ஒன்றில் இருந்தேன். பக்கத்துக் கிராமத்தில் ஒரு பண்ணையில் குதிரைகளைப் பார்க்க ஆள் தேவை என்று விடுதிப் பொறுப்பாளர் என்னைக் கூட்டிப்போனார். பண்ணைக்காரியின் பெயர் வெரேனா. நாற்பது வயது இருக்கும். முழங்கால்வரை சப்பாத்து, கழுத்தில் ஒரு விசில். அவர் பேசியது சுவிஸ் ஜேர்மன். இங்கே எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதிவிடுகிறேன்.

"உமக்குக் குதிரை பழக்கமோ?"

"ஓம். எங்கடை ஊரிலை திரும்பின பக்கமெல்லாம் குதிரையள்தான்."

நான் நெடுந்தீவான், யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலில் இருக்கிற தீவு. சொன்னதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. ஆனால் அங்கே குதிரைகள் வெளியில் தம் பாட்டில் மேயும். அவை எங்களிடம் வருவதில்லை, நாங்களும் அவற்றிடம் போவதில்லை. இதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குதிரை முதுகிலேயே பிறந்து வளர்ந்தவன் என்று எண்ணிக்கொண்டு கையில் குதிரை தேய்க்கிற பிரஷ் ஒன்றைத் தந்து ஷ்டாலுக்குள் விட்டார். குதிரை லாயத்துக்கு இங்கே அதுதான் பெயர்.

எந்தப் பக்கத்திலிருந்து தேய்க்கத் தொடங்குவது என்று தெரியாமல் நேரே வாலடியில் போய் நின்றேன். வெரேனா என் சட்டைக் கொலரில் பிடித்து இழுத்தார்.

"பின்னாலை நிக்காதை! உங்கடை ஊர்க் குதிரை உதைக்கிறேல்லையோ?"

"உதைக்கும். அதாலைதான் நாங்கள் கிட்டப் போறேல்லை."

நுணலும் தன் வாயால் கெடும். அன்றைக்கே திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, இரண்டு விதிகள் சொன்னார். ஒன்று, குதிரையின் பின்னால் நிற்காதே. மற்றது, கையால் தீனி கொடுக்காதே, எதுவானாலும் வாளியில் போடு. முதலாவதை முப்பது வருஷத்தில் ஒரு தடவையும் மீறவில்லை. இரண்டாவதை ஒரு மாதத்திலேயே மீறினேன்.

2. எட்டுப் பெண்கள்

பண்ணையில் எட்டுக் குதிரைகள். எட்டுக்கும் எட்டுப் பெண்கள். வெரேனா இளம் வயதில் ஒரு வருஷம் அமெரிக்காவில் பண்ணை வேலை செய்தவர். அங்கே ரோடியோ என்ற குதிரைத் திருவிழாவில், காளைமேல் ஏறி விழுகிற ஆண்களுக்கு நடுவே, பெண்கள் கொடி பிடித்து வரிசையாகக் குதிரை ஓட்டுவதைப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்து ஊரில் குதிரை ஓட்டத் தெரிந்த பெண்களைத் தேடிப் பிடித்தார். ஒருவர் ஆஸ்பத்திரியில் தாதி, ஒருவர் பேக்கரிக்காரரின் மனைவி, ஒருவர் பள்ளிக்கூட ரீச்சர். வயதில் இளையவள் மொனிக்கா, தபால் கந்தோரில் வேலை. குழுவுக்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் ஒன்று குதிரைகளை ஏற்றுகிற ட்ரெயிலரில் எழுதியிருந்தது. ஊர்க்காரர் யாரும் அதைச் சொல்லவில்லை. "கௌபோய் பொம்பிளையள்" என்றுதான் சொன்னார்கள். பால் கறக்கிற நேரத்தில் இதென்ன கூத்து என்று சிரித்தவர்களும் உண்டு. அந்த நாளில் சுவிஸில் இப்படியான ரோடியோக்கள் அங்கொன்று இங்கொன்றுதான். கோடையில் ஏதாவது ஒரு புல்வெளியில் கம்பு நட்டு, கயிறு கட்டி, சொசேஜ் சுட்டு நடத்துவார்கள்.

சனிக்கிழமைகளில் பயிற்சி. விசில் ஒரு தரம் ஊதினால் பெருநடை, இரண்டு தரம் ஊதினால் பாய்ச்சல். ஒரு வரிசை மற்ற வரிசைக்குள் குறுக்கே புகுந்து போவதற்கு "த்ரெட்" என்று பெயர். அதில் யாராவது ஒரு நொடி தயங்கினால் மோதல்தான். கடைசியில் "வீல்". எட்டுக் குதிரைகளும் தோளோடு தோள் ஒரே கோடாக நின்று சக்கரம்போலச் சுற்றும். நடுவில் நிற்பவை நின்ற இடத்திலேயே திரும்பும், ஓரத்தில் நிற்பவை பறக்க வேண்டும். ஒரு பக்க ஓரத்தின் கடைசிக் குதிரை பரோன். அதன்மேல் மொனிக்கா.

பயிற்சியின்போது அவர்கள் போடுவது பழைய ஜீன்ஸும் கம்பளிச் சட்டையும். கொடி கிடையாது, தொப்பி கிடையாது, பாட்டும் கிடையாது. அப்படியிருந்தும் சாணம் அள்ளுகிற முள்ளுக்கரண்டியை ஊன்றிக்கொண்டு நான் வாயைப் பிளந்து பார்த்தபடி நிற்பேன். "வேலையைப் பார்!" என்று வெரேனா கத்துவார்.

3. பரோன்

பரோன் ஒரு மண்ணிற ஃப்ரைபெர்கர். ஜூரா மலைப்பக்கத்துச் சாதி, தடித்த கழுத்து, அகன்ற பாதம். அழகன் என்று சொல்ல முடியாது. ஆனால் நான் ஷ்டாலுக்குள் நுழைந்தவுடன் தலையைத் திருப்பிப் பார்க்கிற ஒரே சீவன் அதுதான்.

அந்த முதல் குளிர்காலத்தில் எனக்குத் தமிழ் கதைக்க ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வின்டர்தூருக்குப் போனால் விடுதியில் என்னோடு இருந்த ராசன் அண்ணையோடு கதைக்கலாம். மற்ற ஆறு நாளும் பரோனோடுதான். வீட்டுக் கடிதம் வராத கவலை, கை விறைக்கிற குளிர், வெரேனாவின் ஏச்சு, எல்லாவற்றையும் அதனிடம் சொல்லுவேன். சும்மா சொல்லக்கூடாது, ஊரிலும் என்னை யாரும் அவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை.

கேட்டதற்குக் கூலியாகக் காய்ந்த பாண் துண்டு கொடுக்கத் தொடங்கினேன். பயிற்சி முடிந்து குதிரைகள் வெளியே வரும்போது நான் படலையடியில் நிற்பேன். பரோன் கடைசியாக வரும். ஜாக்கெட்டின் வலது பைக்குள் கை போகும், பாண் வெளியே வரும். வெரேனா மறுபக்கம் நிற்கிற நேரம் பார்த்துத்தான் கொடுப்பேன். ஒரு குளிர்காலம் முழுக்க, ஒரு சனிக்கிழமையும் தவறாமல்.

4. பாசலுக்குப் பக்கத்தில்

வசந்தத்தில் பாசலுக்குப் பக்கத்தில் ஒரு ரோடியோ. எனக்கு அதுதான் முதல் ஆட்டம். அன்றைக்குத்தான் அவர்களை முழுக்கோலத்தில் கண்டேன். சிவப்புச் சட்டை, வெள்ளைத் தொப்பி, ஆளுக்கொரு கொடி. ஒலிபெருக்கியில் பாட்டுத் தொடங்க எட்டுப் பேரும் பாய்ச்சலில் உள்ளே வந்தார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் குதிரைகளுக்கு மினுக்கம் கொடுத்தவன் நான் அல்லவா!

த்ரெட் அற்புதமாக வந்தது. கடைசியில் வீல். முதல் சுற்று, இரண்டாம் சுற்று. கோடு ஒரு சாணும் பிசகவில்லை. நான் வழக்கம்போலப் படலையடியில் நின்றேன். வறண்ட மண், தூசி மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. லேஞ்சியை எடுக்க ஜாக்கெட்டின் வலது பைக்குள் கையை விட்டேன்.

அதே நொடியில் பரோன் என்னைக் கடந்துகொண்டிருந்தது. கை பைக்குள் போனதைக் கண்டுவிட்டது. கோட்டை விட்டு விலகி, நேரே என்னிடம் வந்து, முன்காலை ஊன்றி நின்றது. மொனிக்கா நிற்கவில்லை. பரோனின் தலைக்கு மேலால் பறந்து வேலியில் விழுந்தாள். சக்கரம் சிதறியது. தூசிக்குள் குதிரைகள் ஆளுக்கொரு பக்கம் ஓடின. பரோன் மட்டும் ஒன்றும் நடவாததுபோல என் பையை மோந்துகொண்டு நின்றது.

நான் கடிவாளத்தைப் பிடித்தேன். வேறு என்ன செய்ய? ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர், "பாருங்கோ, அந்த ஆள் எவ்வளவு கெதியாக் குதிரையைப் பிடிச்சிட்டார்!" என்றார். சனம் எனக்குக் கைதட்டியது. ஸ்ட்ரெச்சரில் கிடந்த மொனிக்கா என்னைப் பார்த்துத் தலையாட்டி நன்றி சொன்னாள். அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சுடுகிறது.

5. மூன்று கிழமை

மொனிக்காவுக்குக் காறை எலும்பு முறிந்தது. அதோடு முடியவில்லை. அடுத்த கூட்டத்தில் வெரேனா, "ஒரு கையிலை கொடி, மற்றக் கையிலை கடிவாளம். சனத்தைப் பாத்துக்கொண்டு இடப்பக்கம் இழுத்திருக்கிறாய். உன்னை நம்பி இனி ஓரத்திலை விடேலாது" என்று அவளைக் குழுவிலிருந்து நிறுத்தினார். மொனிக்காவும், "ஓம், இழுத்திருப்பன்தான் போலை" என்று ஒத்துக்கொண்டாள். குதிரை குப்புறத் தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதைதான். குழி பறித்தது குதிரை இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

சொன்னால் வேலை போகும். வேலை போனால் இந்த நாட்டில் தங்குகிற அனுமதிக்கு முதலாளி எழுதுகிற கடிதம் போகும். புதுப்பிக்கிற மாதமும் அதுதான். ராசன் அண்ணையிடம் போய்ச் சொன்னேன்.

"விசர் வேலை பாக்காதை," என்றார். "அந்தப் பிள்ளைக்குத் தபால் கந்தோர் இருக்கு. உனக்கு என்ன இருக்கு? வாயைப் பொத்திக்கொண்டு இரு."

அவர் சொன்னது நியாயம்தான். மூன்று கிழமை, இருபத்தொரு நாள், பொத்திக்கொண்டிருந்தேன். பரோனோடும் கதைக்கவில்லை.

நாலாம் கிழமை மொனிக்கா வந்தாள். கையைத் துணியில் தொங்கவிட்டபடி, தன் சேணத்தை எடுத்துப்போக வந்திருந்தாள். இனிக் குதிரை ஏறப்போவதில்லை என்றாள். பிறகு என்னிடம் வந்து, "நீ பிடிச்சிருக்காட்டி அது என்னை மிதிச்சிருக்கும். உன்னை நான் மறக்கமாட்டன்" என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. என் ஜேர்மன் பாண் வாங்கத்தான் போதும், பாவத்தைச் சொல்லப் போதாது. ஆகவே அவளையும் வெரேனாவையும் வேலியடிக்குக் கூப்பிட்டேன். பரோன் புல்வெளியின் அந்தக் கரையில் மேய்ந்துகொண்டிருந்தது. "பாருங்கோ," என்றேன். படலையடியில் போய் நின்று, ஜாக்கெட்டின் வலது பைக்குள் கையை விட்டேன்.

பரோன் தலையை நிமிர்த்தியது. பாய்ச்சலில் வந்தது. என் முன்னால் வந்து, முன்காலை ஊன்றி, அதே மாதிரி நின்றது.

 எனக்குக் கண் கலங்கிவிட்டது. பைக்குள் இருந்த கையை வெளியே எடுக்கவும் தைரியம் வரவில்லை. மொனிக்காதான் முதலில் அசைந்தாள். நல்ல கையால் என் தோளில் ஓங்கி ஒரு அடி. பிறகு, "அப்ப நான் இழுக்கேல்லை!" என்று கத்தினாள். "வெரேனா, நான் இழுக்கேல்லை!" அழுதாள், சிரித்தாள், திரும்பவும் அடித்தாள்.

வெரேனா என்னைப் பார்க்கவே இல்லை. "நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு வா," என்றுவிட்டுப் போனார்.

6. ட்ரெயிலருக்குள்

எட்டு மணிக்கு உடுப்புப் பையையும் கட்டிக்கொண்டு போனேன். குசினி மேசையில் அனுமதிக் கடிதம் கையெழுத்தோடு இருந்தது.

"மூண்டு கிழமை அந்தப் பிள்ளையை அழவிட்டாய். அதை நான் மறக்கமாட்டன்," என்றார் வெரேனா. "ஆனா வந்து காட்டினாய். அதையும் மறக்கமாட்டன். மொனிக்கா தன்ரை இடத்துக்கு வாறாள், பரோனோடைதான்."

"நான் இனிக் குடுக்கமாட்டன்."

"நீ குடுக்காட்டியும் குதிரை மறவாது. ஆட்டத்துக்குப் பாட்டுத் தொடங்கினால் நீ ட்ரெயிலருக்குள்ளை, கதவைச் சாத்திக்கொண்டு. அதுக்குச் சம்மதமெண்டால் இந்தக் கடிதத்தை எடு."

எடுத்தேன். அதன்பின் நாலு கோடைகாலம், வின்டர்தூர், பாசல், ஜூரா மலை என்று எங்கெல்லாமோ போனோம். குதிரைகளை இறக்குவேன், தேய்ப்பேன், சேணம் இறுக்குவேன், மொனிக்காவை ஏற்றிவிடுவேன். பாட்டுத் தொடங்கமுதல் வைக்கோல் மணக்கிற ட்ரெயிலருக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவேன். விசில் கேட்கும். குளம்புச் சத்தம் இரண்டாகப் பிரிந்தால் த்ரெட். ஒரு பக்கம் கனத்து, ஒரு பக்கம் பறந்தால் வீல். பரோனின் அகன்ற பாதம் விழுகிற சத்தத்தை எட்டுக்குள்ளும் தனியாக அறிவேன். கைதட்டல் வரும்வரை மூச்சு விடமாட்டேன். முடிந்ததும் மொனிக்கா வந்து கதவில் தட்டி, "வெளியிலை வா, எல்லாம் சரி" என்பாள்.

பிறகு ஒருவருக்குப் பிள்ளை பிறந்தது, ஒருவருக்கு முழங்கால் போனது, குழு கலைந்தது. நான் வேறு ஷ்டால்களுக்குப் போனேன். என்னிடம் வேலை பழக வந்த எல்லாருக்கும் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். குதிரையில் ஆசை இருந்தால் தீனியை வாளியில் போடுங்கள். உங்கள் ஆசைக்கு விழுந்து எழும்புகிறவர் வேறு யாரோ.

மொனிக்கா இன்றைக்கும் சந்திக்கிற இடத்தில் கேட்பாள், "எங்கடை ஆட்டத்திலை உனக்கு எது திறம்?" என்று. வீல் என்றுதான் சொல்வேன். கொடியும் சிவப்புச் சட்டையுமாக அந்த வீலை என் கண்ணால் கண்டது இரண்டு சுற்றுத்தான். மூன்றாவது சுற்றில்தான் எனக்குத் தும்மல் வந்தது.