வெளியே சொல்லாத ஜெபக்குறிப்பு

2023 ஆகஸ்ட் 16, புதன்கிழமை. வழக்கம்போல் நாலரைக்கு எழுந்து வேதம் வாசித்து ஜெபித்தேன். தேங்காய்ச் சட்னி அரைத்து, தோசை சுட்டு மூடி வைத்தேன். தம்பானூரில் ஒரு லாட்ஜில் எனக்கு வேலை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாலை எல்லாம் என் பொறுப்பு. அன்று சலவைக்குப் போக வேண்டியதை எண்ணிக் கட்டிக் கொடுத்துவிட்டு, அரை நாள் விடுப்பு எடுத்து, மகள் பியூலாவுடன் அரசு மருத்துவமனைக்கு பஸ் ஏறினேன். சிறு வயதிலிருந்தே அவளுக்கு வலிப்பு உண்டு. குறித்த நாளில் டாக்டரைப் பார்த்தாக வேண்டும்.

மருந்து வாங்கப் போகும் வழியில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. அதன் வாசல் பெஞ்சில் முக்காடிட்டுக்கொண்டு ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தாள். கையில் டோக்கன். என்னைப் பார்த்தாள். உடனே எழுந்தாள், டோக்கனைப் பைக்குள் போட்டாள், வெளியே போய்விட்டாள். டாக்டரைப் பார்க்கவே இல்லை.

அவள் ஏன் ஓடினாள் என்பது எனக்குத் தெரியும். அதை நான் சொல்ல வேண்டும்.

ஸ்டெல்லா, மலையாளம் பேசுகிற இந்த நகரத்தில் எங்கள் தமிழ்ச் சபையின் விசுவாசி. என்னைவிட மூத்தவள், விதவை. ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடைக்குப் பின்புறம் ஒற்றை அறையில் தையல் மிஷினோடு இருக்கிறாள். மகன் வளைகுடாவில். எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் வெள்ளிதோறும் ஒவ்வொருவரும் ஒரு ஜெபக்குறிப்பு சொல்வது வழக்கம். இரண்டு வருடத்துக்கு முன் பியூலாவுக்கு மார்த்தாண்டத்தில் ஒரு வரன் உறுதியானது. மாப்பிள்ளையிடம் வலிப்பைப் பற்றி நாங்கள் நேரில் பேசுவதாக இருந்தோம். அதற்காக ஜெபிக்கும்படி ஐக்கியத்தில் கேட்டுக்கொண்டேன். ஸ்டெல்லா அதை அந்த ஊரிலுள்ள இன்னொரு ஜெபக்குழுவுக்கும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பினாள், பெயரோடு. அந்தக் குழுவில் மாப்பிள்ளையின் அத்தை இருந்தார். நாங்கள் பேசப் போவதற்கு முன்பே கல்யாணம் நின்றது.

“ஜெபிக்கத்தான் அனுப்பினேன்” என்று ஸ்டெல்லா அழுதாள். அது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் எனக்கு இன்னும் வலித்தது. திட்டுவதற்குக்கூட இடமில்லை.

அதன் பிறகு எங்கள் ஐக்கியத்தில் யாரும் உண்மையான ஜெபக்குறிப்பு சொல்வதில்லை. “குடும்ப ஆசீர்வாதத்துக்காக” என்பார்கள். “பிரயாணப் பாதுகாப்புக்காக” என்பார்கள். நானும் அப்படித்தான். எல்லாரும் ஜெபித்தோம். யாருக்கு என்ன கஷ்டம் என்று யாருக்கும் தெரியாது.

இப்போது அவளுடைய ரகசியம் என் கையில் இருந்தது. நாட்குறிப்பில்கூட அவள் பெயரை எழுதவில்லை. அடுத்த வெள்ளி கூட்டத்தில் ஜெபக்குறிப்பு கேட்டபோது, “சகோதரி ஸ்டெல்லாவின் உடல்நலத்துக்காக” என்ற வார்த்தை என் நாக்கு நுனியில் வந்து நின்றது. கேட்க எவ்வளவு பக்தியாக இருக்கும்! பல்லைக் கடித்துக்கொண்டு “பிரயாணப் பாதுகாப்பு” என்றேன். தம்பானூர் வரைக்கும்தான் என் பிரயாணம்.

மறுநாளிலிருந்து காலையில் முதல் ஜெபம் அவளுக்காக என்று தீர்மானித்தேன். உள்ளதைச் சொல்கிறேன், அன்பு வரவில்லை. அன்பு வந்த பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருந்தால் அந்தக் கட்டியோ புண்ணோ காத்திருக்காது என்று மட்டும் தெரிந்தது. அதனால் வறண்ட வாயோடு இரண்டே காரியம் கேட்டேன். “ஆண்டவரே, அவள் மறுபடியும் அந்த பெஞ்சில் போய் உட்கார வேண்டும். அதுவரை என் வாயைக் காத்துக்கொள்ளும்.” தினமும் அதே வார்த்தைகள். வேலைக்குப் போகிற பஸ்ஸில் இன்னொரு தடவை.

ஞாயிறு ஆராதனையில் அவளைக் கவனித்தேன். பாடும்போது இரண்டு கையையும் உயர்த்துகிறவள், இப்போது வலது கையை மட்டும் உயர்த்தினாள். ஓணத்துக்குத் தைக்கிற வேலை நெருக்குகிறது, தலை நிமிர நேரமில்லை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகாமலிருக்க அது நல்ல சாக்கு. ஜெபிக்கத் தொடங்கியதிலிருந்து முதல்முறையாக அவளுக்காக என் கண் நிறைந்தது அன்றுதான். என் பிரயாசத்தால் வந்த கண்ணீர் இல்லை அது.

ஓணம் முடிந்தது. ஜெபத்தில் ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்தது. அவள் ரகசியத்தை நான் கேட்கக் கூடாது. என்னுடையதை நான் முதலில் கொடுக்க வேண்டும். ஆனால் அது என்னுடையது மட்டுமல்லவே. பியூலாவிடம் அனுமதி கேட்டேன். அவள் மாத்திரை டப்பாவை மூடி வைத்தாள். பிறகு, “சொல்லிக்கோ அம்மா. அவங்க ஜெபிப்பாங்க, அது ஒறப்பு. வாட்ஸ்ஆப்புல மட்டும் போட வேண்டாம்னு சொல்லு” என்றாள்.

சனிக்கிழமை வேலை முடிந்து ஆரியசாலைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. மிஷினை நிறுத்தாமலே நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னட்டி கிருபா, வழி தப்பி வந்தியாக்கும்?”

“ஒரு ஜெபக்குறிப்பு சொல்ல வந்தேன்க்கா.”

“எங்கிட்டயா? ஊருக்கே மைக் வச்சுச் சொல்லுகவ நான். மறந்துட்டியா?”

மறக்கவில்லை என்றேன். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னேன். பியூலாவுக்கு ஆபீஸில் வைத்து மறுபடி வலிப்பு வந்தது, மருந்தின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள், அவள் வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறாள், சபையில் யாருக்கும் தெரியாது. “ஒங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்க்கா. தினமும் அவ பேரைச் சொல்லி ஜெபிக்கணும்.”

மிஷின் நின்றது. அவள் துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நீ என்னை அங்க பாத்தல்லா” என்றாள்.

“பாத்தேன்.”

“யாருகிட்ட சொன்ன?”

“ஆண்டவர்கிட்ட மட்டும்.”

அவள் நம்பாமல் என் முகத்தையே பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துத் தன் இடது மார்பின் ஓரத்தில் வைத்தாள். ரவிக்கைக்கு மேலேயே தெரிந்தது, சுண்டைக்காய் அளவு.

“எனக்குப் பேடியா இருக்குட்டி, ஒரே பயம். மகன்கிட்ட சொன்னா வேலையை விட்டுட்டு ஓடி வருவான். சபையில சொல்லுகதுக்கு எனக்கு என்ன மொகம் இருக்கு? நான் செஞ்சதே எனக்குத் திரும்பும்னு நெனச்சேன்.”

“திங்கக்கிழமை நான் லீவு சொல்லிடறேன். ரெண்டு பேரும் போவோம்” என்றேன். மிஷின் பக்கத்திலேயே முழங்காலிட்டோம். அவள் எனக்காக ஜெபிக்கவில்லை, தனக்காகவும் ஜெபிக்கவில்லை. பியூலாவுக்காக மட்டும் ஜெபித்தாள். எனக்குள் இருந்த இரண்டு வருடக் கசப்பு அந்த ஜெபத்தில் கரைந்தது.

திங்கட்கிழமை ஸ்டெல்லா அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். புற்றுநோய்தான். ஆனால் ஆரம்ப நிலை, பரவவில்லை, இன்னும் சில மாதம் விட்டிருந்தால் கதை வேறு என்றார் டாக்டர். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார். மகனுக்கு நான்தான் போன் செய்தேன், அவள் பக்கத்தில் இருந்து சொல்லச் சொன்ன பிறகு. அடுத்து வந்த சிகிச்சைகளும் முடிந்துவிட்டன. இன்றைக்கு அவள் பரிசோதனைக்கு மட்டும் போய் வருகிறாள். இரண்டு கையையும் உயர்த்திப் பாடுகிறாள். கர்த்தருக்கே மகிமை.

பியூலாவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதை எழுதாமல் விட்டால் இந்தச் சாட்சி அரைகுறையாகிவிடும். அவள் வேலையை விடவில்லை, மருந்து ஒத்துக்கொள்கிறது. நாங்கள் தொடர்ந்து ஜெபிக்கிறோம், நாங்கள் என்றால் ஸ்டெல்லாக்காவையும் சேர்த்து. எங்கள் ஐக்கியத்தில் இப்போது ஒரு ஒழுங்கு உண்டு. சொன்னவரின் சம்மதம் இல்லாமல் ஜெபக்குறிப்பு வாசலைத் தாண்டாது.

இதை வாசிக்கிற சகோதர சகோதரிகளே, உங்கள் சபையிலும் நீங்கள் முகம் பார்க்காமல் கடந்து போகிற ஒருவர் இருக்கலாம். நாளை காலை முதல் ஜெபத்தை அவருக்குக் கொடுங்கள். மனம் இல்லாவிட்டாலும் கொடுங்கள். மனதைத் தருவது ஆண்டவரின் வேலை, அவர் அதில் தவறுவதில்லை.

அறுவை சிகிச்சைக்கு முந்தின மாலை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ஸ்டெல்லா கூப்பிடச் சொன்னதால், பார்வையாளர் நேரத்தில் ஐக்கியத்துப் பெண்கள் எல்லாரும் வார்டுக்கு வந்துவிட்டார்கள். ஸ்டெல்லா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் நோயைத் தன் வாயாலேயே சொன்னாள். பியூலா காரியத்தில் தான் செய்ததையும் சொன்னாள். “இனி எனக்கு ஒளிக்க ஒண்ணும் இல்ல. என்னைப் பத்தி எங்க வேணும்னாலும் அனுப்புங்க. வேற யாரைப் பத்தியும் அனுப்பாதீங்க” என்றாள். சிரித்தோம். அதன் பிறகு ஒருத்தி தலைகுனிந்து, தன் கணவர் மறுபடி குடிக்கத் தொடங்கியிருக்கிறார் என்றாள். இன்னொருத்தி மகன் வீட்டுக்கு வருவதே இல்லை என்றாள். கட்டிலைச் சுற்றி நின்று, கைகளைக் கோத்துக்கொண்டு, ஒவ்வொருத்திக்காகவும் பெயர் சொல்லி ஜெபித்தோம். “சேச்சிமாரே, பதுக்கெ” என்று நர்ஸ் வந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். குறைத்துக்கொண்டோம், நிறுத்தவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக ஸ்டெல்லாக்காவின் தலைமுடியை வாரி, ஆபரேஷன் தியேட்டருக்குப் போவதற்காக இரண்டாகப் பிரித்து, இறுக்கமாகப் பின்னிவிட்டேன்.