வெர்லினின் மூன்றாவது வேகமானி

வெர்லின் ஹாகன் இதுவரை இரண்டு வேகமானிகளைச் சுட்டிருக்கிறார். அவற்றை வைத்துச் சுட்டார் என்று நினைத்துவிடக் கூடாது. அவற்றையே சுட்டார். எங்கள் ஊர் துப்பாக்கிச் சங்கத்தில், சமையலறைக்கு வெளியே உள்ள சுவரில் இரண்டும் ஆணியில் தொங்குகின்றன. ஒன்றின் நடுவில் வட்டமாக ஒரு துளை. மற்றது இரண்டு துண்டு. கீழே அவர் பெயரும் தேதியும். சுவரில் மொத்தம் பதினொன்று இருக்கின்றன. இரண்டு முறை பெயர் வந்தவர் அவர் ஒருவர்தான். வேகமானியைச் சுட்டவர் அன்று வந்திருக்கும் எல்லோருக்கும் காப்பி வாங்கித் தர வேண்டும் என்பது சங்கத்தின் வழக்கம். சனிக்கிழமைகளில் அங்கே காப்பி ஊற்றி பர்கர் சுடுகிறவள் நான். அதனால் அந்த இரண்டு நாளும் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

குண்டு நொடிக்கு எத்தனை அடி பறக்கிறது என்று காட்டும் கருவி அது. குரோனோகிராஃப் என்று பெட்டியில் போட்டிருக்கும். கடையில் வாங்கிய தோட்டாவைச் சுடுகிறவர்களுக்கு அது தேவைப்படாது. வெர்லினைப் போல, கார் கொட்டகையில் உட்கார்ந்து வெடிமருந்தை எடை போட்டுத் தானே தோட்டா அடைக்கிறவர்களுக்கு அது இல்லாமல் முடியாது. எவ்வளவு மருந்துக்கு என்ன வேகம் என்று அளவுப் புத்தகத்தில் போட்டிருக்கும். நம் கையிலுள்ள துப்பாக்கியில் அது வேறாக இருக்கும்.

வெர்லின் முப்பத்துநான்கு வருடம் தானியக் கிடங்கில் கோதுமை லாரிகளை எடை போட்டவர். ஓட்டுநரின் நாய் இறங்குகிற வரைக்கும் எடையை எழுத மாட்டார். "நாய் எவ்வளவு இருந்துடப் போவுது, வெர்லின்?" என்று கேட்டால், "அதுதான் எனக்கும் தெரியல" என்பார். ஆள் உயரம், பேச்சு குறைவு. எதிலும் அவசரம் கிடையாது. சங்கத்துக்கு வந்தால் சுடுகிற நேரத்தைவிட வெடித்த தோட்டாக்கூடுகளைப் பொறுக்கித் துடைக்கிற நேரம்தான் அதிகம்.

போன மார்ச்சில் அவருக்கு வலது தோளில் அறுவைச் சிகிச்சை நடந்தது. பலமாக உதைக்கிற துப்பாக்கியை இனித் தொடக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஜூனில் வேட்டை அனுமதிக்கான குலுக்கல் முடிவு வந்தது. மேற்கே மலைப் பகுதியில் எல்க் மான் சுட அவருக்குச் சீட்டு விழுந்திருந்தது. பதினான்கு வருடமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார். இந்த அக்டோபரில் போகாவிட்டால் சீட்டு வீண். மறுபடி விழ அவருக்கு வயது இருக்குமா என்பது அவருக்கே சந்தேகம்.

மருந்தைக் குறைத்து அடைத்தால் உதை குறையும், தோள் தாங்கும். ஆனால் வேகமும் குறையும். நொடிக்கு ஆயிரத்து எண்ணூறு அடிக்குக் கீழே போனால் அந்தக் குண்டு மானின் உடம்புக்குள் விரியாது என்று அதன் பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. விரியாத குண்டு பட்ட மான் ஓடிவிடும். எங்காவது போய் மெல்லச் சாகும். இருபது வருடம் முன்பு அவருக்கு ஒரு முறை அப்படி நடந்திருக்கிறது. இரண்டு நாள் ரத்தத் துளிகளைத் தேடி நடந்து, மூன்றாம் நாள் பனி விழுந்து எல்லாம் மூடிவிட்டதாம். அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. அவர் மனைவி ஆர்டிஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆகவே எண் தெரியாமல் அவர் மலைக்குப் போக மாட்டார். எண் தெரிய வேண்டுமானால் மூன்றாவது வேகமானி வாங்க வேண்டும்.

என் தோட்டத்துப் புளிப்பு ருபார்ப் தண்டு கேட்டிருந்தாள் ஆர்டிஸ். கொடுக்கப் போனபோது சமையலறை மேசை முழுக்கக் கடை விளம்பரத் தாள்கள்.

"உக்காரு, ரோண்டா," என்றாள். "என் புருஷன் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்காரு. மூணு பொண்ணு. ஒண்ணு பணக்காரி."

பணக்காரி என்றது ரேடார் வகையை. உள்ளங்கை அகலப் பெட்டி. துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். குண்டின் பாதையில் அது இல்லாததால் யாரும் அதைச் சுட முடியாது. விலை ஐந்நூறு டாலருக்கு மேல்.

"ஐந்நூறு டாலருக்கு கால்வாசி மாட்டை வாங்கி ஃப்ரீசரை ரொப்பிடலாம்," என்றாள் ஆர்டிஸ். "மலையேறவே வேணாம்."

"மெர்ல்கிட்ட ஒண்ணு இருக்கே," என்றேன். மெர்ல் சங்கத்தில் அவருடைய பழைய கூட்டாளி.

வெர்லின் தலையைத் தூக்கவில்லை. "அவன்கிட்ட இரவல் வாங்கினா, நான் சுடற மான்ல பாதி அவன் சுட்டதா ஆயிடும். சாகற வரைக்கும் அதைக் கேக்கணும்."

இரண்டாவது, துப்பாக்கிக் குழலிலேயே பட்டை போட்டுக் கட்டுகிற வகை. விலை பாதிக்கும் கீழே. அதையும் சுட முடியாது. ஆனால் குழலில் கனம் ஏறினால் குண்டு படும் இடம் மாறும். வேகத்தைப் பார்க்கத் தனியாக, குறியைப் பார்க்கத் தனியாகச் சுட வேண்டும். அவர் தோள் ஒரு நாளைக்குப் பத்து வெடிதான் தாங்கும். அந்தப் பத்திலேயே இரண்டும் தெரிய வேண்டும்.

மிச்சமிருந்தது பழைய வகை. முக்காலியில் நிற்கும் பெட்டி, மேலே இரண்டு ஜோடிக் குச்சிகள், அவற்றின் தலையில் வெள்ளைத் தகடுகள். குண்டு குச்சிகளுக்கு நடுவே பறக்கும்போது அதன் நிழலைப் பெட்டி பார்த்துக் கணக்குப் போடும். நூற்றுப் பதினைந்து டாலர். சுவரில் தொங்கும் பதினொன்றும் இந்த வகைதான்.

"இதுதான்," என்றார் வெர்லின்.

"காப்பிக் காசையும் சேத்து எடுத்து வெச்சுக்குங்க," என்றாள் ஆர்டிஸ்.

ஆகஸ்டு முதல் சனிக்கிழமை அதைக் கொண்டு வந்தார். சமையலறை ஜன்னலிலிருந்து சுடும் மேசைகள் எல்லாம் தெரியும். எல்லோரும் துப்பாக்கியைத் திறந்து கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கிய பிறகுதான் ஒருவர் முன்னே நடக்கலாம். அப்படி நடந்து போய் முக்காலியை நிறுத்தினார். மற்றவர்கள் ஐந்து எட்டு நடந்து போய் நிறுத்துவார்கள். அவர் இரண்டே எட்டில் நிறுத்தினார். கிட்டே இருந்தால் குண்டு வழிதவறி அதன்மேல் படாது என்று அவர் கணக்கு.

முதலில் சின்ன துப்பாக்கியால் சோதித்தார், முயல் சுடுகிற இருபத்திரண்டு ரகம். அந்தத் தோட்டாவின் வேகம் அவருக்குத் தெரியும். பெட்டி சரியாகவே காட்டியது. பிறகு பெரிய துப்பாக்கி. ஆயிரத்து எழுநூறு. அடுத்தது இரண்டாயிரத்து அறுநூறு. அடுத்தது ஒன்றுமே காட்டவில்லை. அடுத்தது ஆயிரத்து நானூறு.

மூன்று சனிக்கிழமை இப்படியே போயின. ஒவ்வொரு வாரமும் மருந்தை வேறு அளவில் எடை போட்டு அடைத்துக் கொண்டு வந்தார். ஒவ்வொரு வாரமும் சின்ன துப்பாக்கிக்குச் சரியாகவும் பெரியதற்குத் தாறுமாறாகவும் வந்தது. மூன்றாவது வாரம் ஜன்னலருகே வந்து உட்கார்ந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மெர்ல் டொபின் எதிரே சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்.

"கருவிதான் மக்கர் பண்ணுது," என்றார் மெர்ல். "மலிவா வாங்கினா அப்படித்தான்."

"சின்னதுக்குச் சரியாச் சொல்லுதே. எடை மேடை சரியா இருந்தா, கோளாறு லாரியிலதான்." வெர்லின் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மருந்து கம்மியாப் போனா எரியறது ஒரே சீரா எரியலபோல. ஆயிரத்து நானூறுல ஒரு மானைச் சுட முடியாது. நான் போகல, மெர்ல்."

"பதினாலு வருஷம்யா."

"தெரியும்."

மெர்ல் சிப்ஸ் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினார். அது மெர்லுக்குப் பெரிய விஷயம்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். ஆண்கள் துப்பாக்கிப் பேச்சு பேசும்போது குறுக்கே போனதில்லை. ஆனால் அந்த ஜன்னல் வழியாகப் பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காப்பிக் கெண்டியை எடுத்துக்கொண்டு போய், நிறைந்திருந்த கோப்பையில் தேவையில்லாமல் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

"என்ன, ரோண்டா?" என்றார் வெர்லின்.

"அந்த வெள்ளைத் தகடு ஆடுது."

"எது?"

"குச்சிமேல இருக்கறது. பெரிய துப்பாக்கி வெடிக்கிறப்ப படபடன்னு ஆடுது. சின்னதுக்கு ஆடறதே இல்ல. மத்தவங்க தள்ளி வெக்கிறாங்க, அவங்களுக்கும் ஆடாது. நீங்க துப்பாக்கி மூக்குக்குக் கிட்டவே வெக்கிறீங்க. வெடிக்கிற புகையும் காத்தும் அதுமேலயே போய் அடிக்குது. பெட்டி எதைப் பாத்து எண் சொல்லுதோ."

வெர்லின் என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். நான் நின்ற இடத்துக்கு வந்து, அங்கிருந்து என்ன தெரிகிறது என்று குனிந்து பார்த்தார்.

"பத்தொன்பது வருஷத்துல ரோண்டா பேசின நீளமான பேச்சு இதுதான்," என்றார் மெர்ல்.

"அஞ்சு எட்டு தள்ளி வெச்சுத்தான் ரெண்டையும் கொன்னேன்," என்றார் வெர்லின் மெதுவாக.

"தள்ளி வெச்சதாலயா கொன்ன?" என்றார் மெர்ல். "உன் கண்ணு துப்பாக்கிமேல மாட்டியிருக்கற ஸ்கோப்புல பாக்குது. குழல் ரெண்டு அங்குலம் கீழ இருக்கு. கண்ணுக்கு வழி இருந்தா குழலுக்கும் இருக்கும்னு நெனச்ச. போல்ட்டை உருவிட்டுக் குழல் வழியா பாருய்யா."

இது அவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெர்லினுக்கும் தெரியும். தெரிந்தே இரண்டு முறை அவசரப்பட்டவர் என்பதுதான் அவருக்கு வெட்கம். அவர் வாழ்க்கையில் அவசரப்பட்டதே அந்த இரண்டு முறைதான்.

அன்று மூன்று வெடிதான் சுட்டிருந்தார். ஏழு மிச்சம். ஐந்து எட்டு தள்ளி முக்காலியை நிறுத்தினார். துப்பாக்கியை மணல் பைகள்மேல் அசையாமல் படுக்க வைத்து, குழலின் பின்பக்கத்தை அடைத்திருக்கும் போல்ட்டை உருவி, அங்கிருந்து வெறும் குழல் வழியாகப் பார்த்தார். குறிப்பலகை தெரிந்தது. கூடவே வேகமானியின் நெற்றியும் தெரிந்தது. அப்படியே சுட்டிருந்தால் மூன்றாவதும் போயிருக்கும். மெர்ல் கைகாட்டி எல்லோரையும் நிறுத்திவிட்டுத் தானே முன்னே போய் முக்காலியைக் கையளவு இறக்கினார். வெர்லின் மறுபடி பார்த்தார். இன்னும் ஒரு விரல் இறக்கச் சொன்னார். பார்த்தார். மெர்ல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் முறை நிமிர்ந்தபோது, "உன் நாயையும் எறக்கிடவா?" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள்.

முதல் வெடி. தகடு ஆடவில்லை. குச்சிகள் நின்றன. வெர்லின் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு எண்ணைப் படித்தார்.

"ரெண்டாயிரத்து எறநூத்து முப்பத்தொண்ணு."

இரண்டாவது, இரண்டாயிரத்து இருநூற்று நாற்பத்து நான்கு. மூன்றாவது, இரண்டாயிரத்து இருநூற்று முப்பத்தெட்டு. ஏழும் சுட்டு முடிக்கிற வரைக்கும் எண்கள் அந்தக் கூட்டத்தை விட்டு நகரவில்லை. மருந்தில் ஒரு குறையும் இல்லை. முதல் வாரம் அடைத்ததிலும் இருந்திருக்காது. குறிப்பலகையைக் கழற்றிக் கொண்டு வந்தார். ஏழு துளையையும் என் உள்ளங்கையால் மூடிவிடலாம்.

காப்பியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் துடைக்கும் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டார். போகப் போகக் குண்டின் வேகம் எவ்வளவு குறையும் என்பதற்கு அட்டவணை இருக்கிறது. இருநூறு கஜம் வரைக்கும் குண்டு விரியும் என்று வந்தது.

"நூத்தம்பது," என்றார் வெர்லின். "அதுக்கு மேல வேணாம்."

"இருநூறுன்னு நீயே போட்டிருக்கியே," என்றார் மெர்ல்.

"அது தாள்ல."

அக்டோபர் கடைசியில் மலைக்குப் போனார். எட்டு நாள் கூடாரத்தில் இருந்தார். ஆறாம் நாள் காலையில் ஒரு பெட்டை எல்க் தொண்ணூறு கஜத்தில் வந்து நின்றது. ஒரே குண்டு. இருபது எட்டு எடுத்து வைத்து விழுந்தது. தோள் வலித்ததா என்று ஆர்டிஸ் கேட்டதற்கு, சுடும்போது வலிக்கவில்லை, இறைச்சியைச் சுமந்து இறங்கும்போதுதான் வலித்தது என்றாராம்.

அடுத்த சனிக்கிழமை சங்கத்தில் எல்லோரும் அந்த மானைப் பற்றித்தான் கேட்டார்கள். அவர் அதை நாலு வார்த்தையில் முடித்துவிட்டு, நான்காம் நாளைப் பற்றிப் பேசினார். அன்று ஒரு பெரிய ஆண் எல்க் திறந்த சரிவில் வந்து நின்றதாம். ஒவ்வொரு கொம்பிலும் ஆறு கிளை. தூரத்தை அளந்திருக்கிறார். முந்நூற்றுப் பத்து கஜம். கிட்டே போக வழியில்லை, நடுவே பள்ளம்.

"கை துறுதுறுன்னு இருந்திருக்குமே," என்றார் மெர்ல்.

"இல்லப்பா. எவ்வளவு தூரம்னு தெரிஞ்சிடுச்சு. அதுக்கு மேல யோசிக்க ஒண்ணுமில்ல. துப்பாக்கியைக் கீழ வெச்சுட்டேன்."

"அப்புறம்?"

"ஆர்டிஸ் கட்டிக் குடுத்த சாண்ட்விச் இருந்துச்சு. தின்னுக்கிட்டே பாத்தேன். அதுவும் புல்லு தின்னுச்சு. முக்கால் மணி நேரம் இருந்திருக்கும். அப்படி நிம்மதியா ஒரு எல்க்கை நான் பாத்ததே இல்ல."

சொல்லிவிட்டு இன்னொரு பர்கர் கேட்டார். வெங்காயம் கூடுதலாக.