ஓரகத்தியின் தூண்டில்

மூத்தவளுக்கு அந்த ஆற்றின் மேல் ஆசை வந்தது பஸ் ஜன்னல் வழியாகத்தான். திரைச்சீலையும் சோபா உறையும் தைக்கிற பட்டறைக்கு அவள் போகிற பஸ், பாலத்தின் மேல் நெரிசலில் நின்றுவிடும். மற்றவர்கள் டிரைவரைத் திட்டி முணுமுணுப்பார்கள். இவள் கீழே பார்ப்பாள். முழங்கால் தண்ணீரில் ஒரு ஆள் நின்றுகொண்டு தூண்டில் கோலைப் பின்னால் தூக்கி, ஒரு மூச்சு பொறுத்து, முன்னால் விடுவான். நூல் காற்றில் வளைந்து வளைந்து போய்த் தண்ணீர் மேல் சத்தமில்லாமல் படுக்கும். நுனியில் இருப்பது புழு அல்ல, இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சி, மீன் அதை நிஜமென்று நம்பி ஏமாறுகிறது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது அவள் கவனித்தது வேறு. அந்த ஆளை யாரும் கூப்பிடவில்லை. என் சட்டை எங்கே, சாவி எங்கே, அண்ணி கத்திரிக்கோல் இருக்கா என்று ஒரு குரலும் அவனைத் துரத்தவில்லை.

ஆறு மாதம் ஆசையை மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கிவிட்டு, ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் புதியவர்களுக்கு வகுப்பு நடக்கிறதாம், சேரப் போகிறேன் என்று.

லிப்ட் மெக்கானிக்கான புருஷன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மீன்தான் கடையில கிடைக்குதே."

"ஐ! அக்கா, நானும் வரேன்!" என்றாள் இளையவள்.

இளையவள் மூத்தவளுக்கு ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. மாடியில் குடியிருந்தாலும் பாதி நாள் சாப்பாடு கீழேதான். பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவள். வலியோடு வருகிறவர்கள்கூட அவளைப் பார்த்து வாயைப் பிடித்துக்கொண்டே சிரிப்பார்களாம். நாற்பது வயதில் முழங்கால் சிராய்த்து, முழங்கை சிராய்த்து மூத்தவள் சைக்கிள் கற்றுக்கொண்டாள். இளையவள் அதே சைக்கிளை ஒரு சாயங்காலம் வாங்கிப் போனாள், ஓட்டிக்கொண்டே திரும்பி வந்தாள். தெருவே பார்த்தது அவளைத்தான்.

'இது ஒண்ணாவது எனக்குன்னு இருக்கக் கூடாதா?' என்று தொண்டை வரை வந்தது. "வாயேன்" என்றாள்.

சொல்லிக்கொடுத்தவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். எல்லாரும் 'பிசியோ' என்றே கூப்பிட்டார்கள். முதல் வாரம் தண்ணீரே கிடையாது. புல்தரையில் நின்று, முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் துண்டைக் கட்டி வீசப் பழக வேண்டும். மூத்தவள் வீசிய நூல் அவள் பிடரியில் விழுந்தது. அடுத்தது தொப்பியைக் கழற்றியது. அதற்கடுத்தது பிசியோவின் காதைச் சுற்றிக்கொண்டது.

"பின்னாடி போன நூல் முழுசா நீளணும் மேடம். அதுவரைக்கும் சும்மா நில்லுங்க. அவசரப்படாதீங்க."

சும்மா நிற்பதா? விடிந்தால் அடுப்பு, அடுத்து பஸ், அடுத்து தையல் மெஷின் என்று ஓடுகிறவளுக்கு அந்த ஒரு மூச்சு நேரம் எங்கிருந்து வரும்? கை தானாக முன்னால் பாய்ந்தது.

இளையவள் எதையும் ஆடி அசைந்து செய்கிறவள். "உன்னைக் கிளப்பறதுக்குள்ள பஸ்ஸே போயிடும்" என்று மூத்தவளிடம் எத்தனை முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள்! அந்தச் சோம்பல் இங்கே கலையாகிவிட்டது. கோலைத் தூக்கினாள், ஏதோ யோசிப்பவள் போல நின்றாள், விட்டாள். நூல் நேராகப் போய்ப் புல்லில் படுத்தது.

"பாருங்க, எல்லாரும் பாருங்க! தோள்ல இறுக்கமே இல்லை!" என்று கத்தினார் பிசியோ.

மூத்தவளும் கைதட்டினாள். உதடு சிரித்தது. வயிறு எரிந்தது.

முடிச்சு போடும் வாரம் வந்தபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. தூண்டில் நூலின் நுனியில் கட்டிய, கண்ணுக்கே தெரியாத மெல்லிய நைலான் நரம்பைப் பூச்சியின் முள்ளில் இருக்கும் துளைக்குள் கோக்க வேண்டும். நுனியை நரம்பின் மேலேயே ஐந்து சுற்று சுற்றி, துளையை ஒட்டியிருக்கும் சின்ன வளையத்தில் நுழைத்து, அதனால் உண்டாகும் பெரிய வளையத்திலும் விட்டு, எச்சிலால் நனைத்து, மெதுவாக இறுக்க வேண்டும். நனைக்காமல் இழுத்தால் உரசும் சூட்டில் நரம்பு வலுவிழக்கும். சுற்று குறைந்தால் வழுக்கும். மற்றவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திணறியபோது மூத்தவள் முதல் தடவையிலேயே போட்டுவிட்டாள். பிசியோ இழுத்துப் பார்த்தார். "நல்லா இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அவ்வளவுதான். எல்லோர் கண்ணும் ஆற்றின் மேல் இருந்தது.

"அக்கா, எனக்கும் கட்டிக் குடுங்களேன். என் விரல் எல்லாம் கட்டை விரலாயிடுச்சு" என்றாள் இளையவள்.

கட்டிக் கொடுத்தாள். அன்றைக்கே இளையவளுக்கு ட்ரவுட் என்கிற குளிர்நீர் மீன் ஒன்று மாட்டியது. வகுப்பில் முதல் மீன். உடம்பெல்லாம் புள்ளி, முழங்கை நீளம். போட்டோ எடுத்து ஆற்றிலேயே விட்டார்கள். வீட்டில் கொழுந்தன் அந்தப் போட்டோவைப் பால்காரனிடம்கூடக் காட்டினான். மூத்தவளின் புருஷன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்து, "சின்னவளுக்கு ராசியான கை" என்றார்.

"முடிச்சு போட்டது யாருன்னு கேளுங்க" என்றாள் மூத்தவள்.

"முடிச்சா? என்ன முடிச்சு?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு, எழுந்து போய்க் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

கடைசி வகுப்புக்கு ஆற்றின் மேல் பக்கம் கூட்டிப் போனார் பிசியோ. பெரிய பாறைக்கு அடியில் ஆழமான மடு. அதற்குள் பல வருஷமாக ஒரு பெரிய மீன் இருப்பதாகவும் இதுவரை யாருக்கும் அகப்படவில்லை என்றும் சொன்னார். சொல்லும்போது அவர் பார்வை இளையவள் பக்கம் போனது. மூத்தவள் அதைப் பார்த்தாள். கையில் கோல் இருந்தும், அவளும் வீசப் போகிறவள் என்பதுபோல யாரும் அவளைப் பார்க்கவில்லை.

"அக்கா, கட்டிக் குடுங்க" என்று நரம்பையும் பூச்சியையும் நீட்டினாள் இளையவள்.

மூத்தவள் வாங்கினாள். கோத்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. விரல் அங்கேயே நின்றது. நுனியை நுழைத்தாள். நனைக்கவில்லை. காய்ந்தபடியே இழுத்து, மிச்சத்தைப் பல்லால் கடித்துத் துப்பினாள். பார்வைக்கு அதுவும் முடிச்சாகத்தான் இருந்தது.

இளையவள் மடுவில் வீசினாள். மீன் பூச்சியைக் கவ்வியது. கோல் வில்லாக வளைந்தது. "விடாதீங்க! இழுக்காதீங்க! அது போக்குல விடுங்க!" என்று பிசியோ தண்ணீரில் குதித்தார். ஒரு தடவை அதன் முதுகு மேலே தெரிந்தது. அம்மாடி, அது மீனா! நில்லுங்கள், நான் சரியாகக் கட்டவில்லை என்று மூத்தவளுக்குக் கத்த வேண்டும் போலவும் இருந்தது, அவிழ்ந்து தொலையேன் என்றும் இருந்தது. கோல் சட்டென்று நிமிர்ந்தது.

பிசியோ நரம்பின் நுனியைப் பிடித்துப் பார்த்தார். "அறுந்திருந்தா வெட்டின மாதிரி இருக்கும். இது சுருள் சுருளா இருக்கு. முடிச்சு வழுக்கிடுச்சு. யார் போட்டது?"

மூத்தவள் குனிந்து தன் நூலைச் சுற்றத் தொடங்கினாள்.

"நான்தான். இன்னிக்கு நானே போட்டுப் பாக்கலாம்னு..." என்றாள் இளையவள்.

"அடடா! உங்க அக்கா பக்கத்துலயே இருக்காங்களே, அவங்ககிட்ட கத்துக்கக் கூடாதா? இந்த வகுப்புல அவங்க முடிச்சுக்கு ஈடே கிடையாது."

எல்லாரும் திரும்பி மூத்தவளைப் பார்த்தார்கள், மரியாதையாக. ஒருத்தர் தலையைக்கூட ஆட்டினார். இத்தனை வாரம் எதற்காக ஏங்கினாளோ அது கிடைத்தது. அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள்.

"ஏன்க்கா?" என்றாள் இளையவள், ஜன்னலைப் பார்த்தபடி.

"என்ன ஏன்?"

"உங்க முடிச்சு தானா அவிழாது. எனக்குத் தெரியாதா?"

"இது ஒண்ணுதான் எனக்குன்னு வெச்சிருந்தேன். நீ அதுலயும் வந்துட்டே" என்றாள் மூத்தவள்.

"வந்தேன்தான். எதுக்கு வந்தேன்னு கேட்டீங்களா? என் புருஷனுக்குக் காய்ச்சல்னா, 'அண்ணியைக் கூப்பிடு'ங்கறார். நான் பக்கத்துல கஷாயத்தோட நிக்கறேன். வீட்டுல எது எங்க இருக்குன்னு உங்களைத்தான் கேக்கறாங்க. என்னைப் பார்த்துச் சிரிக்கறாங்க, அவ்வளவுதான். உங்க கூடவே சுத்தினா எனக்கும் ஏதாவது ஒட்டும்னு பார்த்தேன்."

மூத்தவள் திரும்பிப் பார்த்தாள். அந்த அண்ணி வேலையை யாராவது வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்று இருபது வருஷமாகத் தவிக்கிறாள் அவள்.

"அப்போ அங்க ஏன் பொய் சொன்னே?"

"உங்களுக்காக இல்லை. ஓரகத்தி எனக்குக் குழி பறிச்சான்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னா, எனக்குத்தானே அசிங்கம்?" இப்போது ஜன்னலிலிருந்து திரும்பினாள். "மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க. அந்த மீன் எனக்கு வேணும்."

"தப்புதான்" என்றாள் மூத்தவள்.

அதன் பிறகு சில வாரம் மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் பேச்சு தேவைக்கு மட்டும்தான். இளையவள் கிளினிக்கில் நோயாளிகள் இல்லாத நேரத்தில், பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை எடுத்துப் பேனா மூடியின் கொக்கியில் முடிச்சு போட்டுப் பழகுவதாகக் கொழுந்தன் சொன்னான். டாக்டர் திட்டினாராம்.

மூத்தவள் பட்டறையில் வேலை சீக்கிரம் முடிகிற நாட்களில் கோலோடு பாலத்து நிறுத்தத்திலேயே இறங்கினாள். பார்க்க யாரும் இல்லாத இடமாகத் தேடி நின்றாள். கை முன்னால் பாயும்போதெல்லாம் கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். வளைவில், ஒரு சாய்ந்த மரத்தின் நிழலில், ஒரு நாள் பின்னால் போன நூல் முழுதாக நீண்டது. விட்டாள். பூச்சி இறங்கிய இடத்தில் தண்ணீர் லேசாகச் சுழித்தது.

மீன் சின்னது, ஒரு சாண்கூட இல்லை. ஈரக் கையால் பிடித்து முள்ளை எடுத்து, தண்ணீரிலேயே விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் சொல்லத் தோன்றவில்லை. நனைந்த புடவையோடு நேராக மாடியேறினாள். கதவைத் திறந்த இளையவளிடம், "ஒண்ணு பிடிச்சேன்" என்றாள்.

இளையவளின் முகம் ஒரு கணம் சுருங்கியது. ஒரே ஒரு கணம்தான். மூத்தவளுக்கு அது போதும். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"எவ்வளவு பெருசு?"

கொஞ்சம் கூட்டிக் காட்டலாமா என்று பார்த்தாள். பிறகு உள்ளதையே காட்டினாள்.

"சின்னதுதான்" என்றாள் இளையவள், கொஞ்சம் தெளிந்த முகத்தோடு. "எந்தப் பூச்சிக்கு எடுத்துச்சு?"

மூத்தவள் படியில் இரண்டு எட்டு இறங்கி நின்றாள். "பழுப்பு. வால் நீளமா இருக்குமே, அது."

"எந்த இடத்துல?"

"அதை நீயே போய்த் தேடிக்கோ" என்று சொல்லிவிட்டு, புடவைக் கரையைப் பிழிந்துகொண்டே கீழே போனாள்.