ஆறு ஆள், நாலு பொம்பளை

உப்பளக்காரர் பெண்டாட்டி என்பதும் ஓர் உத்தியோகம்தான்: போன் எடுக்கணும், டீ போட்டு அனுப்பணும், லாரிக்கு வழி சொல்லணும், கடைசியில் ‘வீட்ல சும்மாதானே இருக்கீங்க’ என்று கேட்கிறவர்களைக் கடித்துவிடாமல் இருக்கணும். மரக்காணத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து நான் இதைத்தான் பார்க்கிறேன். புருஷன் தொழிலை அடுப்படியிலிருந்தே பாதி ஓட்டுகிற சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இந்தச் சொல் புழங்கும். சின்னச் சொல்தான். ‘ஆள்.’

டீ யாருக்கு?

எங்கள் அளத்து மேஸ்திரி ஏழுமலை காலையில் போன் செய்வார். “இன்னிக்கு ஆறு ஆளும்மா.” நானும் ஆறு பேருக்கு டீ போட்டு ஃபிளாஸ்கில் ஊற்றி அனுப்புவேன். ஒருநாள் கொண்டுபோக யாரும் வரவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நானே போனேன். போய்ப் பார்த்தால் அங்கே பத்துப் பேர். ஆண்கள் ஆறு பேரும் மோட்டார் கொட்டகை நிழலில் வந்து உட்கார்ந்து டம்ளரை நீட்டினார்கள். உப்புக் கூடை சுமக்கிற நாலு பெண்கள், தலையில் வைத்த சும்மாட்டைக்கூட எடுக்காமல், வெயிலில் வரப்பின்மேல் நின்றபடி பாட்டில் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி அஞ்சலை. எங்கள் பின்தெரு. வாய் என்னைவிட நீளம். அவள்கூட டீயைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஏன் ஏழுமலை, ஆறு பேர்னுதானே சொன்னீங்க?” என்றேன். மனிதர் குழம்பிப்போய்விட்டார். கெட்டவர் இல்லை. அஞ்சலைக்குக் காய்ச்சல் என்றால் வேலையைப் போட்டுவிட்டு பைக்கில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவர். கெட்டவராக இருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு நிம்மதியாக வந்திருப்பேன். அவர் மறுபடியும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சரியாத்தாம்மா இருக்குது. ஆளு ஆறு. மிச்சம் பொம்பளைங்க.”

வீட்டில் ஆள் இல்லை

மறுநாளிலிருந்து பெரிய ஃபிளாஸ்க் போனது. சொல் மட்டும் அங்கேயே இருந்தது.

உப்பு ஏற்ற வந்த லாரி டிரைவர் ஒருவர் வாசலில் நின்று, “வீட்ல ஆள் யாரும் இல்லீங்களா?” என்றார். கதவைத் திறந்ததே நான்தான். கையில் கரண்டி வேறு. “நிக்கிறேனே, என்ன வேணும்?” என்றேன். “இல்லம்மா, ஆளு...” என்று என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். அளத்துக்கு எந்தப் பக்கம் போனால் லாரி சேற்றில் சிக்காது, இவ்வளவுதான் விஷயம். “கோயில் பக்கமா போங்க, இந்தப் பக்கம் ஈரம் காயல” என்றேன். தலையை ஆட்டிவிட்டு என் வீட்டுக்காரருக்கு போன் போட்டார். திண்டிவனத்தில் இருந்த என் வீட்டுக்காரர் அவரை இருக்கச் சொல்லிவிட்டு எனக்கு போன் போட்டார். நான் சொன்னேன். அவர் அதை டிரைவருக்குச் சொன்னார். டிரைவர் போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து, பொறுமையாக, எனக்குப் புரியும்படி விளக்கினார்: “ஓனர் சொல்லிட்டாரும்மா. கோயில் பக்கமாத்தான் போவணுமாம்.”

நடுவில் ஒரு கிராமர் கிளாஸ்

தமிழில்தான் இந்தத் தொல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பாண்டியில் நான் படித்த கான்வென்ட்டில், ‘மேன்’ என்று எழுதினால் பெண்ணும் அதில் அடக்கம் என்று சிஸ்டர் சொல்லிக்கொடுத்தார். “அப்ப ‘மென்’னு போர்டு மாட்டியிருக்கிற பாத்ரூமுக்கு நாங்களும் போலாமா, சிஸ்டர்?” என்று கேட்டேன். பீரியட் முடிகிறவரை வராந்தாவில் முட்டி போட்டேன். பெல் அடித்ததும் சிஸ்டர் வெளியே வந்து, கோபம் இல்லாமலேதான் சொன்னார்: “எதுல நீ சேர்த்தி, எதுல இல்லேன்னு சமயத்தைப் பாத்து நீயேதான் புரிஞ்சுக்கணும், சைல்ட்.”

ரசம்

இந்தக் கோடையில் ஒரு மத்தியானம் திடீரென்று வானம் கறுத்தது. என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். வீடே அதிர்கிற மாதிரி ஓர் இடி. கொஞ்ச நேரத்தில் ஏழுமலை போனில் வந்தார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது: “அளத்துலதாங்க விழுந்துச்சு. ஆளுங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க. எல்லாம் கொட்டகைல இருக்குது.” இவர் போனை வைத்துவிட்டு, “யாருக்கும் ஒண்ணும் இல்லையாம். ரசம் ஊத்து” என்றார்.

“யாருக்கும்னு அவர் சொல்லல. ஆளுங்களுக்குன்னு சொன்னார்.”

“ரெண்டும் ஒண்ணுதானே. சாப்பிடற நேரத்துல உன் கான்வென்ட் இங்கிலீஷ எடுக்காத.”

ரசத்தைக் கீழே வைத்துவிட்டு நானே போன் போட்டேன். “ஏழுமலை, அஞ்சலை எங்கே?” அன்றைக்கு வந்திருந்த பெண்கள் ரெண்டே பேர், அஞ்சலையும் அவள் நாத்தனாரும். “வூட்டுக்குப் போயிருப்பாங்கம்மா” என்றார். “போனதப் பாத்தீங்களா?” அவர் மழையில் ஓடுகிற சத்தம் கேட்டது, மூச்சு வாங்குகிறது கேட்டது. கையில் பிடித்த போனை வைக்காமலே அலறினார்: “அம்மா, அம்பாரத்தாண்ட கெடக்குறாங்கம்மா! வண்டி அனுப்புங்க!”

கேட்ட காது

மழையில் உப்பு அம்பாரம் கரையக்கூடாது என்று தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள் ரெண்டு பேரும். பக்கத்தில் இடி விழுந்து அஞ்சலை பாத்திக்குள் குப்புறச் சாய்ந்துவிட்டாள். நாத்தனார் அவள் தலையைத் தண்ணீரிலிருந்து தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கத்தியிருக்கிறாள். அந்த மழையில் கொட்டகைக்குக் கேட்கவில்லை. பாண்டி ஆஸ்பத்திரியில் ‘இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா’ என்று டாக்டர் ஆரம்பித்தார். மேலே கேட்க எனக்குத் தெம்பு இல்லை. பிழைத்துக்கொண்டாள். ஒரு காது போய்விட்டது.

ஏழுமலையை நான் சும்மா விடவில்லை. “உங்க ஆளுங்கள மட்டும் பத்திரமா உள்ள கூப்பிட்டுக்கினீங்க, இல்ல?” மனிதர் அழுதுவிட்டார். “சத்தியமா எல்லாரையுந்தாம்மா கூப்ட்டேன். ‘ஆளுங்கல்லாம் ஓடியாங்க’ன்னு தொண்ட கிழியக் கத்துனேன். அவங்களையும் சேத்துத்தாம்மா கத்துனேன்.” நான் நம்பவில்லை. அஞ்சலை வீட்டுக்கே போய், நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்து, “ஏழுமலை கூப்பிட்டாராமே, உனக்குக் கேக்கலையா?” என்றேன்.

“நல்லாக் கேட்டுச்சும்மா” என்றாள் அஞ்சலை. “ஆளுங்களத்தான கூப்ட்டாரு?”

எங்கள் அளத்தில் அஞ்சலைக்கே புரிகிற மாதிரி அவளை ஆள் கணக்கில் சேர்த்துக்கொண்டது, இதுவரைக்கும், அந்த இடி ஒன்றுதான்.