மாடித் தோட்டத்துக்கு வாங்கியவை

நிறத்தைப் பற்றித் தெய்வநாயகிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்ததில்லை. கணவர் முருகேசனின் பட்டுத்தறிக்கு முப்பது வருஷமாக நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பவள். சாயப்பட்டறையிலிருந்து வரும் நூலில் அரக்கு ஒரு சாயல் கூடியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். அவளுக்குத்தான் ஐம்பத்தாறு வயதில் கண்ணுக்குள் புகை சூழ்ந்தது.

சர்க்கரை வியாதி வந்து பதினோரு வருஷமாயிற்று. முதலில் வலக்கண்ணில் கரும்புள்ளிகள் மிதந்தன. பிறகு நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து சாம்பலாகிப் போயின. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் முதல் வேலையாக மாடிக்குப் போகாதே என்பார்கள். ஆரணியில் அவர்களுடைய சின்ன வீட்டில் தறியும் அடுப்பும் கட்டிலும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. மொட்டை மாடியில் இருந்த நாற்பது தொட்டிகள் மட்டும்தான் அவளுக்கென்று இருந்தவை.

சித்திரையில் மகள் சுபலட்சுமி சென்னையிலிருந்து வந்தாள். தோட்டம் வெறும் செடியாக இருக்கிறது, பார்க்க அழகாக நாலு பொருள் வைக்கலாம் என்று அம்மாவையும் அப்பாவையும் ஆட்டோவில் ஏற்றி, வேலூர் சாலையில் இருந்த நர்சரிக்கு அழைத்துப் போனாள். வர்ணமடித்த டயர்த் தொட்டிகள், பீங்கான் வாத்துகள், சிமெண்ட் தவளைகள், காற்றில் குலுங்கும் மணிகள் என்று அங்கே செடிகளைவிட அலங்காரச் சாமான்கள்தான் அதிகம். அம்மாவே பிடித்ததை எடுக்கட்டும் என்று மகள் ஒதுங்கி நின்றாள்.

தெய்வநாயகி விரலால் தடவி, சுண்டிப் பார்த்து, விரிசல் இல்லாத இரண்டு தொட்டிகளைத் தேர்ந்தெடுத்தாள். இரண்டும் ஒரே பச்சை, மாடிக்கதவுக்கு இரண்டு பக்கமும் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்றாள்.

ஒன்று நீலம். மற்றது செங்கல் நிறம்.

முருகேசன் ஒரு வாத்தை எடுத்து அவள் முன்னால் நீட்டி, இது என்ன நிறம் என்று கேட்டார். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எத்தினி நாளா?"

"தீபாவளிக்கு முன்னாடிலருந்து."

எதையும் வாங்காமல் திரும்பினார்கள். மறுநாள் வேலூரில் கண் டாக்டர் பார்த்தார். போன பார்வை திரும்பாது, மிச்சத்தை லேசர் வைத்துக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். வீட்டுக்கு வந்ததும் முருகேசன் மாடிக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு சாயக்காரர் வீட்டுக்குப் போனார். அந்த ஆறு மாதத்தில் இரண்டு முறை தெய்வநாயகி சாயல் மாற்றிச் சுற்றிய நூல் தறிக்கு வந்திருந்தது. இரண்டு முறையும் சாயக்காரரிடம்தான் சண்டை போட்டிருந்தார். கண் தவறியது தன் வீட்டில் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

ஊருக்குத் திரும்புமுன் சுபலட்சுமி எவ்வளவோ சொல்லியும் அவர் சாவியைத் தரவில்லை. தெய்வநாயகி மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் காலை, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கி வந்த கணவரிடம் சாவிக்காகக் கையை நீட்டினாள்.

"கண்ணுதாங்க போய்கினு இருக்குது. நான் இன்னும் இங்கதான இருக்கறேன்."

"விழுந்துட்டீன்னா?"

"வூட்டுக்குள்ளயுந்தான் விழுவேன்."

அவர் தறி மேடையில் உட்கார்ந்தார். "ஆறு மாசமா என் பக்கத்துலயே உக்காந்து தார் சுத்திகினு இருந்த. எனக்குத் தெரியலியே," என்றார். அப்புறம் சாவியைக் கொடுத்தார்.

அந்த வாரமே இருவரும் மறுபடி நர்சரிக்குப் போனார்கள். இந்த முறை என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நடைபாதை ஓரத்தில் அடுக்க வெள்ளைக் கற்கள். வெள்ளை இன்னும் கண்ணில் பட்டது. மிளகாய்க்கு விளிம்பு சொரசொரப்பான தொட்டி, பூச்செடிக்கு வழவழப்பானது. படி தொடங்கும் இடத்தில் மாட்ட, காற்றில் ஒலிக்கும் ஒரு பித்தளை மணி. கடைக்காரர் வாத்து ஜோடியைக் காட்டினார். அது காலில் இடறும், வேண்டாம் என்றாள்.

இரண்டு மாதம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு இலை அசையாத ஒரு காலையில் மணி ஒலிக்கவில்லை. வெயில் சுள்ளென்று அடித்து எல்லாமே வெள்ளையாகிவிட்டது. படி எந்தப் பக்கம் என்று தெரியாமல் தெய்வநாயகி தொட்டிகளுக்கு நடுவில் நின்றாள். காற்று எழுந்து மணி ஒலிக்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு கணவரைக் கூப்பிட்டாள்.

முருகேசன் தறியை அப்படியே விட்டுவிட்டு ஏறி வந்தார். பூட்டைப் பற்றி இருவருமே பேசவில்லை. கதவிலிருந்து கைப்பிடிச் சுவர்வரை ஒரு கயிறு கட்டலாமா என்று கேட்டார். இடுப்பு உயரத்தில் கட்டச் சொல்லி, படியும் தொட்டி வரிசைகளும் கைக்குத் தெரிய எங்கெங்கே முடிச்சுப் போட வேண்டும் என்பதை அவளே தொட்டுக் காட்டினாள்.