நாலாம் நம்பரைக் கேட்டு வந்தவள்

இது கதை இல்லை. அல்லா அறிய நடந்தது. போன புரட்டாசியில், ஒரு வியாழக்கிழமை, விருதுநகரில் என் கண் முன்னால் நடந்தது. பேய்க் கதை சொல்லிச் சொல்லியே பிழைப்பை ஓட்டியவன் நான். அதனால் ஊரில் யாரும் என் பேச்சை நம்புவதில்லை. இதை மட்டும் நம்புங்கள்.

ஆமத்தூர் ரோட்டில் எங்கள் லாட்ஜ். வெள்ளைக்காரன் காலத்தில் துரைமார்கள் தங்கிப்போகக் கட்டிய பங்களா அது. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகிற பருத்தி கம்பெனி துரைகள் இங்கே குதிரை மாற்றிக்கொண்டு, ஒரு ராத்திரி படுத்து எழுந்து போவார்களாம். தேக்கு உத்தரம், ஆளுயர ஜன்னல், பின்னால் குதிரை லாயம். என் அத்தா அசன் முகம்மது அதை வாங்கி லாட்ஜ் ஆக்கினார். காலராவில் புருஷனைப் பறிகொடுத்த ஒரு துரைசாணி, அவன் வண்டி வரும் வரும் என்று காத்திருந்தே நாலாம் நம்பர் அறையில் செத்துப்போனாள் என்று ஒரு பேச்சு உண்டு. அத்தா சொன்னது அவ்வளவுதான்.

வெள்ளை கவுன் நான் சேர்த்தது. மெழுகுவத்தியும் நான் சேர்த்தது. கதவை மூன்று தரம் தட்டுவாள் என்பதும் என் சரக்குதான். பட்டாசு ஆர்டர் கொடுக்க வரும் வடக்கத்தி ஆட்கள் இதைக் கேட்டுவிட்டு அந்த ரூம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக வரும்.

அந்த வாரம் நாலாம் நம்பரில் இருந்தவன் புகழேந்தி. ஏழாயிரம்பண்ணைப் பக்கம். இருபத்தெட்டு வயது இருக்கும். வேலை பார்த்த பட்டாசு கம்பெனியில் தீப்பிடித்து, அவன் மனைவி ஸ்ரீமதி தீக்காயத்தோடு பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை. பெண்கள் வார்டில் ராத்திரி ஆண்களை விடமாட்டார்கள். அவள் அம்மா பேச்சியம்மாள் உள்ளே இருந்தாள். இவன் பத்து நிமிட நடையில், எங்கள் லாட்ஜில்.

அவனிடம் நான் துரைசாணி கதையைச் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்து யாருக்குக் கதை வரும்?

“அன்னைக்கு அவளுக்குக் காய்ச்சல் பாய்” என்றான் ஒருநாள். “போகலைன்னுதான் சொன்னா. சீசன் நேரத்துல லீவு போட்டா ஏசுவாகன்னு நான்தான் வேன்ல ஏத்திவிட்டேன். ஏறும்போது என் மூஞ்சியப் பாக்கவே இல்ல.”

“எல்லாம் சரியாயிரும் தம்பி.”

“அவ கண்ணு முழிச்சா நான் முன்னால நிக்கணும் பாய். எம்மேல கோவமாடின்னு ஒரே ஒரு வார்த்த கேக்கணும். அம்புட்டுத்தான்.”

வியாழக்கிழமை சாயங்காலம் நிற்கவே முடியாமல் தள்ளாடினான். மூன்று ராத்திரித் தூக்கம் பாக்கி. நான்தான் இரண்டு இட்லியைத் தின்ன வைத்து, கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் உடனே எழுப்புகிறேன் என்று சத்தியம் செய்தேன். அவன் செல்போனையும் நானே வாங்கி மேசையில் வைத்துக்கொண்டேன். அப்போது மணி ஏழு இருபது.

இஷா தொழுதுவிட்டுத் திரும்பும்போது எட்டு ஐந்து. வாட்ச்மேன் ராக்கப்பன் முன்கூடத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். நான் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் இரும்பு கேட் யார் தொட்டாலும் கிரீச் என்று கத்தும். அன்றைக்குக் கத்தவில்லை.

நிமிர்ந்தேன். மேசைக்கு முன்னால் ஒரு பெண்.

சுவர்க் கடிகாரம் எட்டு பத்து.

சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை. கம்பெனிக்குப் போகிற பெண்கள் போடுவதுதான். முந்தானையை முக்காடாக இழுத்துவிட்டிருந்தாள். பாதி முகம் இருட்டு. மருந்து வாடை அடித்தது.

“அவுக எங்கன இருக்காக பாய்?”

“யாரும்மா?”

“நாலாம் நம்பர்ல.”

காதில் கம்மல் இல்லை. மூக்குத்தி இல்லை. வளையல், மெட்டி எதுவும் இல்லை. கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு. சரிதான், புகழேந்தியின் மனைவியோடு வேலை பார்க்கிற பெண் போல, விசாரித்துப் போக வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்று, ஊக்கு முதற்கொண்டு கழற்றி வைத்துவிட்டுத்தான் வெடிமருந்து அறைக்குள் போவார்கள். ஆனால் வெளியே வந்ததும் முதல் காரியமாக அதையெல்லாம் திரும்பப் போட்டுக்கொள்வார்கள். மெட்டி இல்லாமல் ஒருத்தியும் வேன் ஏறமாட்டாள்.

இவள் ஏன் போடவில்லை? அதை நான் யோசிக்கவில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன்... யோசிக்கவில்லை.

“எங்கருந்து வாரீக?”

“கம்பெனிக்குத்தான் போனேன்... வேல முடிஞ்சிருச்சு.”

“இதுல பேரு எழுதுங்க.” நோட்டைத் தள்ளினேன்.

அவள் கையை நீட்டவில்லை. சட்டைக் கைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

“எரியுது பாய்.”

எப்போதும் வாசலில் கிடக்கும் நாய் என் நாற்காலிக்கு அடியில் வந்து ஒடுங்கியது.

“அவன் மூணு நாளாத் தூங்கலம்மா. இப்பத்தான் படுத்தான். காலைல வாங்க.”

“எழுப்ப வேண்டாம். ஒரு தரம் பாத்துட்டுப் போயிருதேன்.”

“ஆம்பிளை ரூமுக்கு ராத்திரி பொம்பளைகள விடுறதில்ல. லாட்ஜ் ரூல்சு.”

கொஞ்சம் கடுப்பாகவே சொன்னேன்.

அவள் அசையவில்லை. மேலே காத்தாடி சுற்றியது. நோட்டுத் தாள் படபடத்தது. அவள் முந்தானை மட்டும்... ஆடவில்லை.

“சாப்பிட்டாகளா?”

“சாப்பிட்டான்.”

“சரி பாய்... தூங்கட்டும்.”

நோட்டை மூடக் குனிந்தேன். நிமிர்ந்தேன்.

இல்லை.

கேட் கத்தவில்லை.

துடைத்த தரை இன்னும் ஈரமாகவே இருந்தது. என் கால் தடம் இருந்தது. ராக்கப்பன் தடம் இருந்தது. நாயின் தடம்கூட இருந்தது.

வேறு தடம் இல்லை...

ஒன்பது ஐந்துக்கு மேசையில் இருந்த செல்போன் அடித்தது. ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். புகழேந்தி செருப்புகூடப் போடாமல் ஓடினான். போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. எட்டு ஐம்பதுக்கே உயிர் போய்விட்டதாம்.

வந்தது யார் என்று அந்த ராத்திரி முழுக்க என்னையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரோ கூட வேலை பார்க்கிறவள், அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, விட்டுப்போன பையை எடுக்க அவன் வந்தான். மொட்டைத் தலை. பாதி ஆளாகியிருந்தான். டீ வாங்கிக் கொடுத்தேன். அவன் குடிக்கவில்லை.

“எங்க அத்தை ஒண்ணு சொன்னாக பாய். அதுதான் வெளங்க மாட்டேங்குது.”

“என்ன தம்பி?”

“அன்னைக்கு எட்டு இருவதுக்குக் கண்ணு முழிச்சிருக்கா. நல்லாப் பேசியிருக்கா. மாப்பிள்ளைக்குப் போன் போடட்டுமான்னு அத்தை கேட்டிருக்காக. வேண்டாம்னுட்டாளாம்.”

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

“‘இப்பத்தாம்மா போயிட்டு வாரேன். தூங்குறாகளாம். உள்ள விடமாட்டேன்னுட்டாக’ன்னு சொன்னாளாம். ‘பாவம், தூங்கட்டும்’னாளாம். அதான் அத்தை எனக்குப் போன் போடல.”

அவன் அழுதான். சத்தம் வராமல் அழுதான்.

“அரை மணி நேரம் பாய். அரை மணி நேரம் முழிச்சுக் கெடந்திருக்கா. நான் இங்கனதான கெடந்தேன்.”

நான் அவன் பையை எடுத்து மேசை மேல் வைத்தேன்.

“அவள யாரு பாய் உள்ள விடமாட்டேன்னுருப்பாக?”

“தெரியலையே தம்பி” என்றேன்.