சூப்புக்கு என்னைப் பிடிக்கும்

வளர்ந்தவர்களுக்கு ஆங்கில இலக்கணம் படிப்பிக்கிற வேலையில் ஒரு சங்கடம் உண்டு: பிழையைத் திருத்தாவிட்டால் ஆள் முன்னேறாது, எல்லாப் பிழையையும் திருத்தினால் ஆள் அடுத்த நாள் வராது.

ரொறொன்ரோவுக்கு வந்த புதிதில் ஃபோன் அடித்தால் யார் எடுப்பது என்று வீட்டுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு நான் சொல்லப்போவது விளங்கும். நானும் அப்படி நின்றவள்தான். யாழ்ப்பாணத்தில் ஆங்கில ரீச்சராகப் பயிற்சி எடுத்துவிட்டு வந்து, இங்கே முதல் வேலையாகக் கோப்பிக் கடைக் கவுண்டரில் நின்றேன். ஒருவர் "டபுள் டபுள்" என்றார். இரண்டு சீனி, இரண்டு கிறீம் என்று எனக்கு யார் சொன்னது? இரண்டும் இரண்டும் நாலு என்று நாலு கோப்பி ஊற்றிக் கொடுத்தேன். பிறகு இங்கேயே திரும்பப் படித்து, இப்போது பல வருடமாக ஸ்காபரோவில், மில்லிக்கன் பக்கத்தில், ஒரு பிளாஸாவோடு ஒட்டிய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் காலை வகுப்பு எடுக்கிறேன். நான் சொல்லப்போகிற வகுப்பில் பாதிப் பேர் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். அவர்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். நான் எங்கட தமிழில் தருகிறேன். பிழையே கதையாக இருக்கிற இடத்தில் மட்டும் அதை அப்படியே விடுகிறேன்.

வயதை வைத்திருப்பவர்

எக்தோர் வெனிசுவேலாக்காரர். அகன்ற தோள், அமைதியான ஆள். வெயர்ஹவுஸில் பின்னேர வேலை, காலையில் வகுப்பு. முதல் நாள் எல்லாரும் தங்களைப் பற்றி இரண்டு வசனம் சொல்லவேண்டும். அவர் எழும்பி நின்று, "ஐ ஹாவ் ஃபிஃப்டி இயர்ஸ்" என்றார். ஐம்பது வருடத்தைச் சட்டைப்பையில் வைத்திருப்பதுபோல.

ஸ்பானிஷில் வயதை அப்படித்தான் சொல்வார்கள். பசியையும் குளிரையும்கூட அவர்கள் வைத்திருப்பார்கள். ஆங்கிலத்தில் "ஐ ஆம் ஃபிஃப்டி" என்று சொல்லவேண்டும் என்று பலகையில் எழுதினேன். அவர் அதைக் கொப்பியில் எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"ரீச்சர், ஸ்பானிஷில ஐம்பது வயது என்னட்ட இருந்தது. இங்கிலீஷில நானே அந்த ஐம்பதாகிட்டன்."

சூப்புக்கு என்னைப் பிடிக்கும்

கொலம்பியாவிலிருந்து வந்த ஒரு பெண்ணின் பெயர் லூஸ். ஸ்பானிஷில் அதற்கு வெளிச்சம் என்று பொருள். தமிழில் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவர் பத்மாக்கா. வட்டுக்கோட்டைக்காரி, பிள்ளைகளைப் படிப்பித்து முடித்துவிட்டுத் தான் படிக்க வந்தவர், வகுப்புக்கு அடிக்கடி வடை சுட்டுக்கொண்டு வருகிறவர். முதல் கிழமையே என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், "ரீச்சர், உந்த நல்ல பிள்ளையை நான் எப்பிடி வாய் கூசாமல் லூஸ் எண்டு கூப்பிடுறது?" என்று கேட்டார். அன்றிலிருந்து லூஸ் அவருக்குத் தங்கச்சி.

விருப்பு வெறுப்புப் பாடம் நடந்த அன்று லூஸ் எழுதிக்கொண்டுவந்து வாசித்த வசனம்: "த சூப் லைக்ஸ் மீ." சூப்புக்குத் தன்னைப் பிடிக்குமாம். சீனப் பெண்கள் இரண்டுபேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஸ்பானிஷ் ஆட்களுக்குச் சிரிப்பு எங்கே என்று விளங்கவில்லை. அவர்கள் மொழியில் பிடிக்கிற வேலையைச் சூப்புத்தான் செய்யும், மனிதருக்கு அது போய்ச் சேரும். நான் பலகையில் தமிழில் 'எனக்குச் சூப் பிடிக்கும்' என்று எழுதி, 'எனக்கு' என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டேன். 'நான்' என்று எங்கேயாவது இருக்கிறதா? பத்மாக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் வாசித்தார். பிறகு லூஸின் கையைப் பிடித்தார்.

"தங்கச்சியும் நாங்களும் சரியாத்தான் சொல்றம் ரீச்சர், பிழை விடுறது இங்கிலீஷ்காரர்."

'இற்' என்கிற ஆள்

ஒரு ஜனவரியில் லூஸின் அப்பாட்மென்றில் ஹீற்றர் நின்றுவிட்டது. கட்டடத்தைப் பராமரிக்கிற சுப்பரின்ரென்டன்ருக்கு ஃபோன் எடுத்து, "இஸ் கோல்ட். இஸ் நொட் வேர்க்கிங். இஸ் மேக்கிங் நொய்ஸ்" என்றாராம். அந்த மனிசன் ஒவ்வொரு வசனத்துக்கும் "எது?" என்று கேட்டாராம். கடைசியில் லூஸ் அழுதுவிட்டு ஃபோனை வைத்துவிட்டார். ஸ்பானிஷில் எழுவாய் இல்லாமல் வசனம் ஓடும். எங்களுக்கும் அப்படித்தான், 'குளிருது' என்றால் முடிந்தது, யார் குளிர்கிறார் என்று எவரும் கேட்பதில்லை.

அன்று புத்தகத்தை மூடிவிட்டு, ஆங்கிலத்தில் 'அது' என்கிற 'இற்'றைப் படிப்பித்தேன். "இற் இஸ் கோல்ட். இற் இஸ் ஸ்னோயிங். இற் இஸ் லேற்." யார் அந்த இற் என்று லூஸ் கேட்டார். யாருமில்லை, வசனத்தின் முன்கதிரை வெறுமையாக இருக்கக்கூடாது என்பதற்காக இருத்தியிருக்கிற ஆள் என்றேன். வகுப்பு முடிய லூஸ் என் முன்னாலேயே திரும்ப ஃபோன் எடுத்தார். ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் மூச்சை இழுத்து "த ஹீற்றர்" என்றும் "இற்" என்றும் அழுத்திச் சொன்னார். அன்று பின்னேரமே ஆட்கள் வந்து திருத்தினார்கள். அடுத்த நாள் லூஸ் அதைச் சொல்ல வகுப்பே கைதட்டியது. எக்தோர் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த 'இற்'றுக்கு ஒரு அர்த்தமும் இல்லை, அனுபவமும் இல்லை, ஆனால் கனடாவில எல்லா இடத்திலயும் அதுக்கு வேலை கிடைக்குது."

முடியும், ஆனால்

'கேன்', 'மே' இரண்டையும் பிரித்துப் படிப்பித்த கிழமை அது. ஒன்று ஏலும் என்பது, மற்றது அனுமதி உண்டு என்பது. ஸ்பானிஷில் இரண்டுக்கும் ஒரே சொல். "இப்ப ஆர் 'மே' பாவிக்கினம், ஏன் இதைப் படிக்கிறம்?" என்று எக்தோர் கேட்க, புத்தகத்தில் இருக்கிறது என்றேன்.

வெள்ளிக்கிழமை நானும் லூஸும் எலிவேற்றரில் ஏறினோம். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் அது ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. அவசர ஃபோனில் பேசிய பெண், மெக்கானிக் வர ஒரு மணித்தியாலமாகும் என்றாள். லூஸ் கதவிடுக்கில் விரலை விட்டு இழுக்கத் தொடங்கினார். எனக்கும் பயம்தான். ஆனால் ரீச்சர் என்றபடியால் வெளியில் காட்டவில்லை. அப்போது கதவுக்கு அப்பால் எக்தோரின் குரல் கேட்டது. "லூஸ், கையைக் கதவில இருந்து எடுங்கோ. ரீச்சர், நிக்க முதல் குலுக்கினதா? என்ன சத்தம் கேட்டது?" சொன்னேன். "சரி. பிரேக் பிடிச்சிருக்கு. மேல கன கம்பி இருக்கு, ஒண்டே உங்கள் இரண்டுபேரையும் தாங்கும். விழாது. ரெண்டுபேரும் நிலத்தில இருங்கோ." அந்த மனிசன் இவ்வளவு நேரம் ஆங்கிலம் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. பயப்படாத குரலில் பேசுகிறபோது அவருக்கு இலக்கணம் தானாக வந்தது. நாங்கள் நிலத்தில் இருந்தோம். லூஸ் என் தோளில் சாய்ந்துகொண்டார்.

கராகஸில் இருபத்திரண்டு வருடம் எலிவேற்றர் மெக்கானிக்காக இருந்தவர் எக்தோர் என்பதை அன்றுதான், அந்தக் கதவுக்கூடாகத்தான், அறிந்தேன். கட்டடத்து மனேஜருக்கும் அது அப்போதுதான் தெரிந்தது. அவர் பொறுமையிழந்து, "உனக்கு உந்த வேலை தெரியுமெண்டால் நீயே திறந்து விடன்" என்று சொல்வது உள்ளே கேட்டது. ஒன்ராறியோ லைசன்ஸ் இல்லாமல் அதில் கை வைக்கக்கூடாது.  எக்தோர் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"சேர், ஐ கேன். பட் ஐ மே நொட்."

அன்லெஸ்

மெக்கானிக் வந்துதான் எங்களை வெளியே விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வகுப்புக்கு ஒரு இலக்கு வந்துவிட்டது. லைசன்ஸ் சோதனைக்கு எக்தோர் படித்தார். படங்கள், மின்சாரம், கணக்கு எதுவும் அவருக்குப் பிரச்சினையில்லை. பிரச்சினை வசனங்கள். முதல் தரம் எழுதிவிட்டு வந்தவர் தோற்றுப்போனார், மிகக் கொஞ்சத்தால். 'அன்லெஸ்' என்று தொடங்கிய கேள்விகளையெல்லாம் 'இஃப்' என்று நினைத்து வாசித்து, எல்லாவற்றுக்கும் தலைகீழாக விடை போட்டிருக்கிறார். அந்தச் சொல்லை நான் படிப்பித்திருக்கவில்லை. புத்தகத்தில் அது அடுத்த மட்டத்துப் பாடம், பிறகு பார்ப்போம் என்று விட்டிருந்தேன். 

எக்தோர் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார். நான் ஃபோன் எடுத்தால் "வேலை கூட, ரீச்சர்" என்பார். இரண்டு கிழமை பார்த்துவிட்டுப் பத்மாக்கா என்னிடம் நம்பரை வாங்கினார். வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின், என் மேசையில் இருந்தபடியே ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார். அன்லெஸ் என்றால் பெரிய விஷயமில்லை, தங்கள் மொழியில் அது சொல்லின் நுனியில் தொங்குகிற ஒரு சின்ன வால் என்று தன் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினார். வராட்டி, செய்யாட்டி, படிக்காட்டி. 'ஆட்டி' என்று அவரை மூன்று தரம் திருப்பிச் சொல்லவும் வைத்தார். மறுமுனையில் எக்தோர் எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரிப்பது கேட்டது. பத்மாக்கா சிரிக்கவில்லை.

"எக்தோர், மண்டே யூ கம்-ஆட்டி, நோ வடை."

கடிதம்

திங்கட்கிழமை வந்தார். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் முந்தி வந்தார். நான் எலிவேற்றர் விதிப்புத்தகத்திலிருந்து வசனங்களை எடுத்து வெட்டி ஒட்டித் தாள் தாளாகக் கொடுத்தேன். லூஸ் கேள்வி கேட்பார், எக்தோர் 'அன்லெஸ்' வந்தால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார். உண்மையைச் சொன்னால், எலிவேற்றரைப் பற்றி இவ்வளவு அறிந்த இலக்கண ரீச்சர் ஸ்காபரோவில் வேறு இருக்கமாட்டார். இரண்டாம் தரம் எழுதிய பிறகு மூன்று கிழமை ஒருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒரு நாள் காலை எக்தோர், சோதனை முடிவு வந்த கடிதத்தை மடித்தபடி என் முன்னால் வைத்தார். வாசித்துவிட்டார், ஆனால் தன் ஆங்கிலத்தை நம்பவில்லை. "'யூ ஹாவ் பாஸ்ட்' எண்டு போட்டிருக்கு. ஏன் 'யூ பாஸ்ட்' எண்டு போடேல்லை? இதில ஏதும் வில்லங்கம் இருக்கா?" வில்லங்கம் இல்லை, நடந்தது நேற்று, ஆனால் அதன் பலன் இன்றைக்கும் கையில் இருக்கிறது என்று சொல்வதற்குத்தான் அந்த 'ஹாவ்' என்றேன்.  அவர் கதிரையில் இருந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். லூஸ் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தார். இரண்டுபேரும் ஸ்பானிஷில் என்னவோ சொல்லிச் சொல்லி அழுதார்கள். வகுப்பில் ஆங்கிலம் மட்டும் பேசவேண்டும் என்று சுவரில் நானே ஒட்டிய தாளை அன்று நான் பார்க்கவில்லை. பத்மாக்கா பையைத் திறந்து ஒரு பெரிய டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார்.

"நீர் பாஸ் பண்ணாட்டியும் நான் இண்டைக்கு வடை கொண்டுவந்துதான் இருப்பன், சாப்பிடும்."

சரியான காலம்

எக்தோருக்கு இப்போது எலிவேற்றர் திருத்துகிற கொம்பனி ஒன்றில் வேலை. லூஸ் அடுத்த மட்டத்துக்குப் போய்விட்டார், முதியோர் பராமரிப்புப் படிப்பில் சேர விண்ணப்பித்திருக்கிறார். போன மாதம் ஒரு மத்தியானம் எக்தோரிடமிருந்து ஃபோன். பின்னால் இரும்புச் சத்தம். ரெக்ஸ்டேல் பக்கத்தில் ஒரு பழைய உயர்மாடிக் கட்டடத்தில் நிற்கிறாராம், கதவில் ஒட்ட அறிவித்தல் எழுதவேண்டுமாம். "'த எலிவேற்றர் இஸின்ற் வேர்க்கிங்' எண்டு எழுதுறதா, 'டஸின்ற் வேர்க்' எண்டு எழுதுறதா, ரீச்சர்?"

கேள்வியைக் கேட்டு எனக்குப் பெருமை தாங்கவில்லை. பலகை முன்னால் நிற்கிற நினைப்பில் விளக்கினேன்: இப்போதைக்குத்தான் வேலை செய்யவில்லை, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்றால் 'இஸின்ற் வேர்க்கிங்'. சூரியன் கிழக்கில் உதிக்கிறதுபோல என்றைக்கும் மாறாத உண்மைக்குத்தான் 'டஸின்ற் வேர்க்'. ஆகவே முதலாவதை எழுதுங்கள் என்றேன். மறுமுனையில் பெருமூச்சு ஒன்று கேட்டது.

"இல்லை ரீச்சர், நான் மோட்டர் அறைக்குள்ள போய்ப் பார்த்திட்டன், இதுக்கு 'டஸின்ற் வேர்க்'தான் சரி."

பல வருடமாக இலக்கணம் படிப்பிக்கிற எனக்கு விதிகள் எல்லாம் தெரியும், அவற்றை எந்த மாடியில் பாவிப்பது என்பதை மட்டும் மாணவர்கள்தான் போய்ப் பார்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது.